உழைச்செல்வாள்

1

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் நடத்தும்போது கடைசிக் குறளுக்கு வருவதற்குள் பெரும்பாலும் மணி அடித்துவிடும். அளவறிந்து உண்பதைப் பற்றிய குறள்களிலேயே நேரம் போய்விடும். 950ஆம் குறளை “நீங்களே படிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துவந்த ஆண்டுகள் எனக்கு உண்டு.

மருத்துவம் என்பது நான்கு கூறுடையது என்கிறது அந்தக் குறள். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். இந்த நாலாவது ஆளுக்கு வள்ளுவர் வைத்த பெயர் ‘உழைச்செல்வான்’. ஒருமுறை முதலாண்டு மாணவி ஒருத்தி இந்தச் சொல்லுக்கு, “உழைச்சு, சம்பாதிச்சு, மருந்துக்குக் காசு குடுக்கிறவன்” என்று பொருள் சொன்னாள். வகுப்பு சிரித்தது. உழை என்றால் இங்கே உழைப்பு இல்லை, பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்தான் உழைச்செல்வான் என்று திருத்தினேன். அவள் உட்காரவில்லை.

“பக்கத்துல இருக்கிறவங்கன்னா, அது ஏன் மேடம் ஆம்பளையா இருக்குது? எங்க வீட்ல தாத்தாவ அம்மாதான பாத்துக்கிறாங்க?”

ஆண்பால் விகுதி இங்கே பொதுவாக நின்றது, பெண்பாலுக்கும் கொள்ள வேண்டும் என்றேன். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் பதில்தான். அவள் முகத்தில் அது ஏறவில்லை. எனக்கும் அன்று மாலை பேருந்தில் அது இறங்கவில்லை. பரிமேலழகர் இந்த நான்குக்கும் நான்கு நான்காகப் பதினாறு குணங்கள் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் சொல்பவை அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு. நான்கையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். உறக்கம் இல்லை. கூலி இல்லை. மாற்று ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பவரும் ஒருநாள் நோயில் விழுவார் என்ற நினைப்பே அந்தக் கணக்கில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த நாலாவது ஆளைப் பற்றியது. அவருக்குத் துணையாக என்று வந்திருக்கும் தன்னார்வத் திட்டங்களைப் பற்றியது. என் வீட்டில் அந்த நாலாவது ஆள் என் அண்ணி.

2

எனக்குப் பிறந்த ஊர் நாட்றம்பள்ளி. வாக்கப்பட்டது திருப்பத்தூர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கு மேற்கே இருக்கிற ஊர். எங்கள் பக்கத்துப் பெண்களின் காலை, கம்பெனி பஸ்ஸில்தான் விடியும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகிற பஸ்கள் அவை. சாப்பாட்டுக் கூடையோடு இருட்டில் சாலையோரம் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தோல் தொழில் யார் கைகளில் நடக்கிறது என்று. அண்ணி அந்த பஸ்ஸில் பதினோரு வருஷம் போனவர். தையல் பிரிவில் அப்பர் தைப்பவர்.

2019இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. மருத்துவமனை வார்டில் நோயாளியைப் படுக்க வைத்தவுடன் எங்கும் கேட்கிற கேள்வியை எங்களிடமும் கேட்டார்கள்: “கூட யாரு இருக்கீங்க?” அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கூடையைக் கீழே வைத்தார். வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அந்தப் பார்வைதான் முடிவு.

பிறகு அதற்கு நியாயம் கண்டுபிடித்தோம். என் சம்பளம் பெரியது. அண்ணனுக்கு லாரி ஷெட்டில் வேலை. ஆம்பளை வேலையை விட முடியாது. அண்ணியின் சம்பளம்தான் எல்லாவற்றிலும் சிறியது. சிறிய சம்பளம் நிற்பதுதானே குடும்பத்துக்கு நட்டமில்லாத வழி? அன்று நான் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறேன். அந்தச் சம்பளம் ஏன் சிறியதாக இருந்தது? பெண்கள் செய்யும் வேலை என்பதால்தானே? பெண் வேலை என்பதால் கூலி குறைவு. கூலி குறைவு என்பதால் வேலையை விட வேண்டியவளும் பெண். இந்தச் செக்கில் சுற்றியபடிதான் வீடு வீடாகப் பெண்கள் படுக்கையறைக்குத் திரும்புகிறார்கள்.

அண்ணி வேலையை விட்ட மூன்றாம் மாதம் ஏஜெண்ட் ஒருவர் மூட்டையோடு வந்தார். வீட்டிலிருந்தே அப்பர் தைத்துத் தரலாம், ஜோடிக்கு இவ்வளவு. கம்பெனியில் மெஷினில் தைத்தவர், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஊசியால் தைக்கத் தொடங்கினார். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, விடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஆம்பூர்ப் பக்கம் வீட்டில் ஷூ தைக்கும் பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏஜெண்டைப் பற்றியும் ஏற்றுமதி பற்றியும் பேசுகிறார்கள். அவர்கள் அருகே படுத்திருக்கும் நோயாளியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ‘வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பெண்’ என்ற ஆள்வளம் எங்கிருந்து வருகிறது? கைக்குழந்தையிடமிருந்தும் படுக்கையில் இருக்கும் மாமியாரிடமிருந்தும்தான் வருகிறது.

அம்மா படுத்திருந்த காலத்தில் நான் ஒரு கவிதை எழுதினேன். அம்மாவின் விழுந்துபோன கையைப் பற்றியது. என் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. அழுதேன் என்று சொன்னவர்கள் உண்டு. கூட்டங்களில் அதையே வாசிக்கச் சொல்வார்கள். அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு அதை எடுத்து, இன்னொருவர் எழுதியதைப் படிப்பதுபோல் படித்தேன். கவிதையில் வெந்நீர் இருக்கிறது. மாற்றிய விரிப்பு இருக்கிறது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து இட்ட பஞ்சு இருக்கிறது. வெந்நீர் வைத்தவர் யார், விரிப்பை மாற்றியவர் யார், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தவர் யார் என்பதற்குப் பதில் இல்லை. வினையெல்லாம் செயப்பாட்டுவினை. துடைக்கப்பட்ட உடல், ஊட்டப்பட்ட கஞ்சி. செய்தவளுக்கு எழுவாய் கிடைக்கவில்லை. கவிதை முழுக்க ஒரே ஒரு பெண் அம்மாவின் பக்கத்தில் இருக்கிறாள்; அது சனிக்கிழமை தோறும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துபோன நான்.

பிறர் கவிதைகளில் பெண் எங்கே மறைக்கப்பட்டாள் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். வீட்டுக்குள்ளேயே நான் ஒருத்தியை மறைத்திருக்கிறேன்.

3

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி; எங்கள் நெடுஞ்சாலையிலேயே இன்னும் மேற்கே போனால் வருகிற பக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, நோய் ஆதரவு சிகிச்சை. வீடு வீடாகப் போவதற்குச் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்தார்கள். அவர்களுக்கு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று பெயர். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது. கிடைக்க வேண்டிய விருதுதான். ஆஸ்பத்திரி வாசலுக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு, ஆஸ்பத்திரியின் ஒரு துண்டாவது வீட்டு வாசலுக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வந்தார். 2022இல் ஒரு சனிக்கிழமை அவர் வந்தபோது நானும் இருந்தேன். அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தார். “ஆயா, கைய நீட்டு பாக்கலாம்” என்று இடது கையைப் பிடித்து வருடினார். மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, “அக்கா, நீயும் ஒக்காரு. ஒனக்கும் பாக்கணும்” என்றார். அண்ணி, “எனக்கு இன்னாத்துக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். விடவில்லை. பட்டையைச் சுற்றிப் பார்த்தால் அம்மாவுக்கு இருந்ததைவிட அண்ணிக்கு அதிகமாக இருந்தது. மூன்று வருஷத்தில் அண்ணியின் உடம்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். தமிழ்ப் பேராசிரியையான நாத்தனார் கேட்கவில்லை.

அண்ணிக்கு அன்று வங்கியில் ஒரு வேலை இருந்தது. இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்திருக்கிறேன் என்று கிளம்பப் பார்த்தார்; ஆனால் எனக்கு மூத்திரப் பையை மாற்றத் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான். அந்தப் பெண், “நீ போய்ட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்” என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். அண்ணி திரும்பி வந்தபோது கையில் ஒரு முழம் பூ இருந்தது. வங்கிக்குப் போனவர் கடைத்தெருவில் நின்று பூ வாங்கியிருக்கிறார். எத்தனை மாதத்துக்குப் பிறகோ.

அந்தப் பெண் போகும்முன் அன்றைய விவரங்களைக் கைபேசியில் ஏற்றினார். அம்மாவின் அளவு, அண்ணியின் அளவு, கொடுத்த மாத்திரை. “இந்த நாப்பது நிமிஷத்த எதுல எழுதுவீங்க?” என்று கேட்டேன். சிரித்தார். “இதுக்கு எங்க மேடம் கட்டம் இருக்குது?”

அவர் வீட்டிலும் மாமியார் படுக்கையில் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நீங்கள் ஊர் சுற்றும்போது அவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். “பள்ளிக்கூடம் லீவுன்னா பொண்ணு பாத்துக்கும். மத்த நாள்ல கதவ சாத்திட்டு வந்துடுவேன்” என்றார்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் சிறப்பும் குறையும் அந்த ஒரு காலையிலேயே இருக்கின்றன. அண்ணிக்கு அன்று கிடைத்தவற்றில் மிகப் பெரியது அந்த நாற்பது நிமிஷம். திட்டத்தில் அதற்கு இடம் இல்லை. ஒரு பெண்ணின் நல்ல மனசில் இடம் இருந்தது. அந்த நல்ல மனசுக்கான விலையை இன்னொரு வீட்டில் ஒரு பள்ளிச் சிறுமி கொடுத்தாள்.

4

‘தன்னார்வம்’ என்ற சொல்லை நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தன் ஆர்வத்தால் செய்வது தன்னார்வம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளவருக்கே அந்தச் சொல் பொருந்தும். சுயஉதவிக் குழுவில் கடன் தவணை கட்ட வேண்டிய பெண், மாதம் 4,500 ரூபாய் என்ற தொடக்க கால ஊக்கத்தொகைக்காக வெயிலில் வீடு வீடாக நடப்பது தன்னார்வமா? அது வேலை. வேலைக்குக் கொடுப்பது கூலி. அதை ஊக்கத்தொகை என்று அழைத்தால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கதவருகிலேயே நின்றுவிடும். அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா எனத் திட்டம்தோறும் இதே கதைதான். இப்படிப்பட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆனது.

வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கும் இப்படி ஒரு சொல் உண்டு. அங்கே அது பாசம். பாசம் என்றால் சம்பளம் கேட்கக் கூடாது. தன்னார்வம் என்றால் சம்பளம் உயர்த்தக் கேட்கக் கூடாது. தொழுநோய்க் கணவனைக் கூடையில் சுமந்து அவன் விரும்பிய தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினி கதையைச் சொல்லித்தான் எங்கள் பாட்டிமார் எங்களை வளர்த்தார்கள். அந்தக் கதையில் கூடையின் எடை என்ன என்று யாரும் கேட்டதில்லை.

நம் இலக்கியத்தில் கவனிப்பு வேலைக்கென்று ஒரு பாத்திரம் உண்டு: செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. இன்று நர்ஸ்களுக்கு நாம் வைத்திருக்கும் செவிலியர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அகப்பாடல்களில் செவிலிக்குப் பேச்சுரிமை உண்டு. செவிலி கூற்று என்றே தனியாக வகைப்படுத்துகிறோம். ஆனால் அவள் பேசுவதெல்லாம் தலைவியைப் பற்றி. உடன்போனவளைத் தேடிக்கொண்டு பாலையில் அலையும்போதும் அவள் கவலை தலைவியின் பாதத்தைப் பற்றியது. சுடுமணலில் நடக்கும் தன் பாதத்தைப் பற்றியது இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தோழி யார் என்றால் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். தாய் தலைவியை வளர்த்தாள்; மகள் தலைவிக்குத் துணை நிற்கிறாள். கவனிப்பு வேலை குலச்சொத்துபோலத் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகிறது. வகுப்பில் இதைக் களவியல் மரபு என்று சொல்லிக் கடந்துவிடுவேன். லீவு நாளில் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சிறுமியைப் பற்றிக் கேட்ட பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

கணக்கெடுப்புகள் இதை ஓரளவு காட்டுகின்றன. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். செய்கிற ஆண் 97 நிமிடம். வீட்டில் இருப்பவரைக் கவனிக்கும் வேலைக்குப் பெண் 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். இந்த எண்கள் நமக்கு வேண்டியவை. மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவை. ஆனால் உழைச்செல்வாளின் வேலை நிமிடத்தில் முழுதாக அகப்படாது. அண்ணி அப்பர் தைக்கும்போதும் ஒரு காது கட்டிலில் இருந்தது. தூங்கும்போதும் இருமலுக்குக் காத்திருந்தார். அதனால்தான் வள்ளுவரின் சொல்லை விட மனமில்லை. கழுவுவது, ஊட்டுவது, புரட்டுவது எல்லாம் தனித்தனிச் செயல்கள். ‘உழை’ என்பது அந்தப் பக்கத்தைவிட்டு நகர முடியாத நிலை. உதவி என்று வருகிற எதுவும் அவரை அந்தப் பக்கத்திலிருந்து சற்று நேரமாவது எழுப்பிவிட வேண்டும்.

5

அம்மா 2023இல் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணியிடம் கேட்டேன்: இந்த நாலு வருஷத்தில் யாராவது உனக்கு ஏதாவது செய்திருக்கலாம் என்றால் எதைச் செய்திருக்க வேண்டும்? சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை, பணம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“வாரத்துல ஒரு மத்தியானம்” என்றார்.

“எதுக்கு அண்ணி?”

“தூங்கறதுக்கு.”

இதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஒரு திட்டம் கவனிப்பவருக்குத் துணை நிற்கிறதா என்று அறிய, அது அவருக்கு எத்தனை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது என்று கேட்டால் போதும்.

அப்படிக் கேட்டால் கேரளம் நமக்குச் சில படிகள் முன்னால் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பிறகு அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக ஊர்களுக்குள் இறங்கியது. வாரம் 2 மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர் யாரும் அதில் சேரலாம். அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, 4 நாள் நேரடிப் பயிற்சி. டாக்டரும் நர்ஸும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பு வந்தது. அங்கே தன்னார்வலர் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் உண்மை உண்டு. வாரம் 2 மணி என்றால் அது ஒருவர் தன் ஓய்விலிருந்து எடுத்துக் கொடுப்பது. அதையே பிழைப்பாக்கிவிட்டுக் கூலியைக் குறைப்பது ஆகாது. அங்கேயும் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டிலேயே சிகிச்சை என்ற அழகான கருத்துக்கு அடியில், வீட்டில் எந்நேரமும் ஒரு பெண் இருப்பாள் என்ற நம்பிக்கை படிந்திருக்கிறதல்லவா?

அந்த நம்பிக்கையை ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1954இல் பெற்றோரைக் கவனிக்கத் தன் பணியை விட்டவர் மேரி வெப்ஸ்டர் என்ற கிறித்தவ சபை ஊழியர். மணமாகாத மகள்கள் இப்படி வீட்டுக்குள் முடங்குவதைப் பற்றி 1963இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வந்து குவிந்த பதில்களிலிருந்து 1965இல் ஓர் அமைப்பு பிறந்தது. கவனிப்பவர்களுக்கென்று எழுந்த முதல் இயக்கங்களில் ஒன்று அது. 1976இல் அரசு கவனிப்பவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது. மணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1986இல் வென்ற பிறகுதான் அந்த விலக்கு ஒழிந்தது. எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற அந்த வாசகத்தை நான் வாணியம்பாடியிலும் கேட்டிருக்கிறேன், திருப்பத்தூரிலும் கேட்டிருக்கிறேன். அண்ணியைப் பார்த்த என் பார்வையிலும் அது இருந்தது.

ஜப்பானின் ஒசாகாவில் மிசுஷிமா தெருகோ என்ற பெண் 1973இல் வேறொரு வழி கண்டார். பெண்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவியை மணிக்கணக்கில் எழுதிவைக்கும் வங்கி அது. நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பதில் நேரம். இன்று நான் உன் மாமியார் பக்கத்தில் இரண்டு மணி நேரம். என் வீட்டில் ஆள் விழும்போது நீ வர வேண்டும். உதவியைத் தியாகம் என்று சொல்லி மறக்கவில்லை; கணக்கு வைத்தார்கள். கணக்கு வைப்பது அன்புக்குக் குறைவு என்று நினைக்க நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கலியாண வீட்டு வாசலில் மேசை போட்டு மொய் எழுதும் நமக்கு அந்தக் கூச்சம் எதற்கு?

நம் சட்டங்களையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மகன், மகள், பேரன், பேத்தி மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை தர வைக்கலாம் என்கிறது. பிள்ளைகள் என்று அது வரிசைப்படுத்தும் இடத்தில் மருமகள் இல்லை. பணம் கேட்கும் சட்டம் அவளை விட்டுவிட்டது. வேலை கேட்கும் வீடு விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குக் கவனிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. நல்ல தொடக்கம் அது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். பெண்ணின் கூலியில்லா உழைப்பை ஏற்றுக்கொண்டு வைத்த பெயர். அந்தப் பெயரை நான் மதிக்கிறேன். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்ன அதே அரசு, அந்தப் பெண் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் கூலியையும் கூலி என்றே சொல்லலாம்.

நான் கேட்பது மூன்றே. வீடு தேடி வரும் பெண் தொழிலாளி. அவருக்குச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யும் வேண்டும். அவர் படிவத்தில் நோயாளிக்கு இருப்பதுபோலக் கவனிப்பவருக்கும் கட்டம் வேண்டும்: கடைசியாக எப்போது தூங்கினீர்கள், கடைசியாக எப்போது வெளியே போனீர்கள். மூன்றாவது, அந்தக் கட்டத்தைப் பார்த்து மாற்று ஆள் வர வேண்டும். வாரத்தில் ஒரு மத்தியானமாவது. ஊர்த் தன்னார்வலர்களுக்கு இடம் இங்கேதான். சம்பளத்துக்கு வருகிறவரின் வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்; வாரத்தில் இரண்டு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்காரட்டும். டீக்கடை பெஞ்சில் மாலை முழுக்க உட்கார முடிகிற ஆண்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். உட்காரும் இடத்தை மாற்றினால் போதும்.

அண்ணி இப்போது மறுபடி வேலை தேடுகிறார். கேட்டுப் போன ஓரிடத்தில் வயதைக் கேட்டுவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்களாம். ஏஜெண்டின் மூட்டை மட்டும் தவறாமல் வருகிறது. ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுகிறார்.

அந்தக் கவிதையை நான் கூட்டங்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். திருத்தி எழுதவும் முயன்றேன், வரவில்லை. ஆனால் மருந்து அதிகாரத்தை இப்போதெல்லாம் கடைசிக் குறளிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் உழைச்செல்வாள் யார் என்று கேட்டுத் தாளில் எழுதச் சொல்கிறேன். அம்மா, அத்தை, அக்கா, ஆயா என்று எழுதுகிறார்கள். சில மாணவிகள் ஒன்றும் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒருமுறை தாளைக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: “நான்தான் மேடம். அத எழுதலாமா?”

எழுது என்றேன்.